வாசகர் கேள்விகள்: ஸ்க்ரோல் பார் வராத படிவம்

கேள்வி: பைதானில் பைசைடு6 (ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் நூலகம்) வைத்து நாற்பது உள்ளீட்டுக் கட்டங்கள் உள்ள படிவம் ஒன்று எழுதுகிறேன். அதை க்யூஸ்க்ரோல்ஏரியாவில் (உள்ளடக்கத்தை உருட்டிக் காட்டும் பெட்டி) போட்டால் ஒரு சமயம் உள்ளே வெறுமையாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதிப் பார்த்தால் எல்லாம் நசுங்கி நிற்கிறது, ஸ்க்ரோல் பார் வருவதே இல்லை. எங்கே தவறு?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: இரண்டும் தனித்தனிப் பிழைகள்.

நசுங்குவதற்குக் காரணம், லேஅவுட்டை (கட்டங்களை அடுக்கும் அமைப்பு) ஸ்க்ரோல் ஏரியாவுக்கே செட்லேஅவுட்() மூலம் கொடுத்திருப்பீர்கள். ஸ்க்ரோல் ஏரியா வெறும் சட்டம்தான். அதற்குள் வியூபோர்ட் என்ற பார்வைப் பகுதி, அந்தப் பகுதிக்குள் நகரும் உள்விட்ஜெட் (விட்ஜெட் என்பது ஜன்னலில் உள்ள ஒரு கூறு) என்று மூன்று அடுக்குகள் உண்டு. உருள்வது மூன்றாவது மட்டுமே. எனவே வெறும் க்யூவிட்ஜெட் ஒன்றை உருவாக்கி, லேஅவுட்டை அதற்குக் கொடுத்து, கட்டங்களை அந்த லேஅவுட்டில் சேர்த்து, கடைசியில் ஸ்க்ரோல் ஏரியாவின் செட்விட்ஜெட்()-இல் அந்த விட்ஜெட்டைக் கொடுங்கள்.

வெறுமையாகத் தெரிவது இந்த வரிசை மாறியதால். செட்விட்ஜெட்() அழைக்கப்படும் அந்த நொடியில் உள்விட்ஜெட்டின் சைஸ்ஹிண்ட் (அது தனக்கு வேண்டும் என்று சொல்லும் அளவு) என்னவோ, அதுவே அதன் அளவாகிவிடும். அப்போது லேஅவுட் இல்லையென்றால் அளவும் இல்லை. பிறகு நாற்பது கட்டங்களைச் சேர்த்தாலும் அந்த அளவு தானாக மாறாது, ஏனெனில் விட்ஜெட்ரீசைசபிள் என்ற பண்பு இயல்பாக ‘ஃபால்ஸ்’ நிலையில் இருக்கிறது. செட்விட்ஜெட்ரீசைசபிள்(ட்ரூ) என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஜன்னல் விரியும்போது படிவமும் விரியும், புதிதாகக் கட்டம் சேர்ந்தால் உயரமும் தானாகக் கூடும். படிவங்களுக்கு இந்த வரி கட்டாயம் என்றே சொல்வேன். பெரிய படத்தை அதன் அசல் அளவில் காட்டும்போது மட்டும் ‘ஃபால்ஸ்’ நிலையிலேயே விடலாம்.

‘ட்ரூ’ கொடுத்தபின் ஒரு பக்க விளைவு உண்டு: கட்டங்கள் குறைவாக இருந்தால் அவை செங்குத்தாகப் பரவி இடைவெளி அசிங்கமாகத் தெரியும். க்யூவிபாக்ஸ்லேஅவுட்டின் முடிவில் ஆட்ஸ்ட்ரெட்ச்() சேர்த்தால் எல்லாம் மேலே ஒதுங்கும். கிடைமட்ட ஸ்க்ரோல் பார் தொந்தரவு என்று அதை ஆல்வேஸ்ஆஃப் (எப்போதும் மறை) செய்பவர்கள் கவனிக்க: பார் மறையுமே தவிர, உள்ளடக்கத்தின் வலது ஓரம் வெட்டுப்படும். ஸ்க்ரோல் ஏரியாவுக்குக் குறைந்தபட்ச அகலமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பிழையான கட்டத்தைப் பயனருக்குக் காட்ட என்ஷ்யூர்விட்ஜெட்விசிபிள்(கட்டம்) போதும். ஓரத்தில் 50 பிக்சல் இடம்விட்டு அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

கேள்வி: செய்திகளை ஒவ்வொன்றாகக் கீழே சேர்க்கும் ஜன்னல். சேர்த்ததும் ஸ்க்ரோல் பாரின் மதிப்பை மேக்ஸிமம்() ஆக்குகிறேன். ஆனாலும் கடைசிச் செய்தி எப்போதும் பாதி மறைந்தே நிற்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் கேட்கும் நேரத்தில் மேக்ஸிமம்() பழைய எண்தான். ஆட்விட்ஜெட்() புதிய உயரத்தை உடனே கணக்கிடுவதில்லை. ஈவென்ட் லூப் (நிகழ்வுகளை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் சுழற்சி) அடுத்த சுற்று வரும்போதுதான் லேஅவுட் வேலை செய்யும். க்யூடைமர் வைத்துச் சில மில்லிவினாடி தள்ளிப்போடுவது பலர் செய்யும் வேலை. மெதுவான கணினியில் அது காலைவாரும். செங்குத்து ஸ்க்ரோல் பாரின் ரேஞ்ச்சேஞ்ச்டு சிக்னலை (எல்லை மாறியதும் எழும் அறிவிப்பு) ஒரு ஃபங்ஷனுடன் இணைத்து, அதற்குள் மதிப்பைப் புதிய உச்சத்துக்கு மாற்றுங்கள்.

இதோடு விட்டால், பழைய செய்தியைப் படிக்க மேலே போனவரையும் ஒவ்வொரு செய்தியும் கீழே இழுத்துவிடும். வேல்யூசேஞ்ச்டு சிக்னலில் ‘மதிப்பு இப்போது உச்சத்தில் இருக்கிறதா’ என்பதை ஒரு மாறியில் குறித்துவையுங்கள் (தொடக்க மதிப்பு ‘ட்ரூ’). அது உண்மையாக இருந்தால் மட்டும் கீழே நகர்த்துங்கள். எல்லை விரியும்போது மதிப்பு மாறுவதில்லை, அதனால் வேல்யூசேஞ்ச்டு எழாது, குறித்துவைத்ததும் கெடாது.

வெறும் எழுத்து லாக் என்றால் இந்தப் பாடே வேண்டாம். படிக்க மட்டும் என்று அமைத்த க்யூப்ளெய்ன்டெக்ஸ்ட்எடிட்டில் அப்பெண்ட்ப்ளெய்ன்டெக்ஸ்ட்() அழையுங்கள். செட்மேக்ஸிமம்ப்ளாக்கவுண்ட்(5000) கொடுத்தால் 5,000 பத்திக்கு மேல் போகும்போது பழையவை தானே உதிரும்.

கேள்வி: 5,000 பொருள்களை வரிக்கு ஒரு லேபிள், ஒரு பட்டன் என்று ஸ்க்ரோல் ஏரியாவில் போட்டேன். திறக்கவே நேரம் எடுக்கிறது.
– வாசகி, மணப்பாறை

பதில்: பத்தாயிரம் விட்ஜெட்டுகளை உருவாக்கி, அத்தனையையும் லேஅவுட் அளக்கிறது. க்யூடேபிள்வியூவுக்கு (அட்டவணை காட்டும் விட்ஜெட்) மாறுங்கள். க்யூஆப்ஸ்ட்ராக்ட்டேபிள்மாடலில் ரோகவுண்ட்(), காலம்கவுண்ட்(), டேட்டா() மூன்றையும் எழுதினால் போதும்; கண்ணில் படும் வரிகளை மட்டுமே அது வரையும். பட்டனுக்கு செட்இண்டெக்ஸ்விட்ஜெட்() பயன்படுத்தினால் பழைய சிக்கலே திரும்பும், டெலிகேட் (அட்டவணைக் கட்டத்தை வரையும் வகுப்பு) எழுதுங்கள். டேபிள்வியூவைத் திரும்ப ஒரு ஸ்க்ரோல் ஏரியாவுக்குள் வைக்காதீர்கள், அதற்கே ஸ்க்ரோல் பார் உண்டு.

கேள்வி: படிவத்தை மவுஸ் வீலால் உருட்டும்போது வழியில் உள்ள ஸ்பின்பாக்ஸின் எண் மாறிவிடுகிறது. கவனிக்காமல் சேமித்துவிடுகிறார்கள்.
– வாசகர், காரைக்கால்

பதில்: ஆபத்தான பிழை, உடனே திருத்துங்கள். க்யூஸ்பின்பாக்ஸின் ஃபோகஸ் பாலிசி (உள்ளீட்டுக் கவனம் எப்படிக் கிடைக்கும் என்ற விதி) இயல்பாக வீல்ஃபோகஸ். அதாவது வீலைச் சுற்றினாலே ஃபோகஸும் அதற்குப் போய்விடும். முதலில் அதை ஸ்ட்ராங்ஃபோகஸ் (கிளிக் செய்தாலோ டேப் அழுத்தினாலோ மட்டும் ஃபோகஸ்) ஆக்குங்கள். பிறகு ஈவென்ட் ஃபில்டர் (நிகழ்வு கட்டத்தை அடையுமுன் பிடிக்கும் பொருள்) ஒன்று: வந்தது வீல் ஈவென்ட், கட்டத்துக்கு ஃபோகஸ் இல்லை என்றால், ஈவென்ட்டின் இக்னோர்() அழைத்து ‘ட்ரூ’ திருப்புங்கள். இக்னோர்() விட்டுப்போனால் எண் மாறாது, ஆனால் கர்சர் ஸ்பின்பாக்ஸின் மேல் வந்ததும் பக்கம் உருளாமல் நின்றுவிடும். காம்போபாக்ஸுக்கும் இதே ஃபில்டர்தான். ஃபில்டர் பொருளுக்குப் பேரன்ட் (தாய்ப் பொருள்) கொடுங்கள் அல்லது செல்ஃபில் வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளூர் மாறியில் விட்டால் பைதான் அதை அழித்துவிடும், ஃபில்டர் சத்தமில்லாமல் செயலிழக்கும்.