ராட்வீலர் குட்டிக்கு மூன்றாம் நாளே பார்வோ: விற்றவர் கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் வளர்க்க ஓர் ஆண் ராட்வீலர் குட்டி வாங்கினேன். "ஐம்பது நாள் குட்டி, முதல் தடுப்பூசி போட்டாச்சு, கே.சி.ஐ. சான்றிதழ் அப்புறம் வரும்" என்று வளர்ப்பாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார் (கே.சி.ஐ. என்பது இந்திய கென்னல் கிளப், நாயின் இனத்துக்கும் வம்சத்துக்கும் சான்று தரும் அமைப்பு). பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். பில் தரவில்லை. மூன்றாம் நாள் வாந்தியும் ரத்தப்பேதியும் தொடங்கின. பார்வோ (நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்று உறுதிசெய்த டாக்டர், ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பிழைக்க வைத்தார். செலவு குட்டியின் விலையைத் தாண்டிவிட்டது. வளர்ப்பாளரோ, "உங்கள் வீட்டில்தான் தொற்றியிருக்கும். பணம் தர முடியாது. வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். இதற்கிடையே, ராட்வீலர் தடைசெய்யப்பட்ட இனம் என்று குடியிருப்போர் சங்கத்தினர் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் குட்டி தப்பியிருக்கிறது. அந்த மட்டில் மிக்க மகிழ்ச்சி. இனி வழக்குக்கு வருவோம்.

முதல் காரியம், குட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், மாற்றுக் குட்டியும் வாங்காதீர்கள். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புத் தண்ணீருக்கு அது சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். தடுப்பூசிகள் முடியாத இன்னொரு குட்டியை இப்போது உங்கள் வீட்டுக்குள் விடுவது அதன் உயிரோடு விளையாடுவது. நோய் அவரிடமிருந்துதான் வந்தது என்றால், அங்கே இருக்கும் மற்ற குட்டிகளும் பாதுகாப்பானவை அல்ல. சட்டப்படி பார்த்தாலும், மாற்றுக் குட்டியை எடுத்துக்கொண்டால் "பிரச்சினை அப்போதே தீர்ந்துவிட்டது" என்று அவர் பதில் மனுவில் எழுதுவார்.

உங்களிடம் இருக்கும் மிக வலுவான சாட்சியம் அவர் அனுப்பிய அந்தச் செய்திதான். நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பாக 2017இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். ஐம்பது நாள் குட்டி என்று அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதே விதிகள், வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்.

"உங்கள் வீட்டில் தொற்றியது" என்ற வாதத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்வோ தொற்றியபின் அறிகுறி தெரியப் பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம் வரை போகும். மூன்றாம் நாளே பேதி என்றால், குட்டி வரும்போதே கிருமியோடு வந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. ஆனால் இதை நீங்களோ நானோ சொல்லி நுகர்வோர் ஆணையம் ஏற்காது, டாக்டர் எழுத வேண்டும். அறிகுறி தொடங்கிய தேதி, பரிசோதனை முடிவு, எந்த நாட்களுக்குள் தொற்றியிருக்கலாம் என்ற அவருடைய கருத்து, மூன்றையும் கையெழுத்தோடு வாங்குங்கள். அதே ஈற்றுக் குட்டிகளை வாங்கிய வேறு யாராவது கிடைத்து, அவர்கள் குட்டிக்கும் நோய் வந்திருந்தால், உங்கள் வழக்கு பாதி வென்ற மாதிரி.

அப்புறம், வளர்ப்பாளர் தடுப்பூசிப் புத்தகம் தந்திருந்தால் அதை எடுத்து நிதானமாகப் பாருங்கள். முறையாகப் போட்ட ஊசி என்றால், மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறுமனே ஒரு தேதியும் கிறுக்கலும்தான் இருக்கிறதென்றால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஊசியை ஒழுங்காகப் போட்ட குட்டிக்கும் பார்வோ வரலாம், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடுவதுண்டு. ஆகவே "நோய் வந்தது, அதனால் ஏமாற்றினார்" என்று மனுவை அமைக்காதீர்கள். வயது குறைந்த குட்டி, சரியில்லாத ஆவணம், தராத பில், சொல்லிவிட்டுத் தராத சான்றிதழ் ஆகியவற்றின் மேல் அமையுங்கள்.

சட்டத்தின் கண்ணில் உங்கள் குட்டி ஒரு 'சரக்கு'. கேட்கச் சங்கடமாக இருந்தாலும், உங்களுக்கு நுகர்வோர் உரிமை கிடைப்பது அதனால்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் பணம் திருப்பித் தர 30 நாள்தான் அவகாசம். "பணம் திரும்பத் தர மாட்டேன்" என்று அவர் சொல்வதால் மட்டும் சட்டம் மாறிவிடாது. குட்டியை வைத்துக்கொண்டே மருத்துவச் செலவும் மன உளைச்சலுக்கான இழப்பீடும் கேட்கலாம். முழு விலையையும் சேர்த்துக் கேட்டால் "குட்டி உங்களிடம்தானே இருக்கிறது" என்ற கேள்வி வரும். அதனால் விலையில் ஒரு பகுதியைக் கேட்பதே என் யோசனை.

முதலில் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டிலும் போகட்டும். பதில் இல்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. வாட்ஸ்அப் உரையாடல் நகலோடு, மின்னணு ஆவணங்களைச் சாட்சியமாக ஏற்கக் கேட்கப்படும் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். அந்த உரையாடல் இருக்கும் போன் உடைந்தாலும் விற்றாலும் சிக்கல், அதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று, "பெரிசானதும் இதை வைத்துக் குட்டி போட்டு விற்கலாம்" என்று நீங்கள் அவரிடம் எங்காவது எழுதியிருந்தால் என்னிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

சங்கத்தினர் சொல்லும் தடை, 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து வந்த பேச்சு. 23 இனங்களின் பட்டியலில் ராட்வீலரும் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனாலும் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். சில உள்ளாட்சி அமைப்புகள் இந்த இனத்துக்குத் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. உங்கள் உள்ளாட்சியின் இன்றைய விதியை எழுத்தில் கேட்டு, உரிமம் பெற்றுவிடுங்கள். சங்கத்துக்குக் காட்ட அதைவிட நல்ல பதில் இல்லை.

உரிமையாளராக உங்கள் மேலும் சட்டத்தின் கண் இருக்கிறது. நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதற்குப் பயந்து எப்போதும் கட்டியே போட்டால், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு வரும். கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பதும் அதில் குற்றம்தான். பார்வோவுக்கு எதிர்ப்பு சக்தி வந்துவிட்டாலும் டிஸ்டெம்பர், லெப்டோ, ரேபிஸ் ஊசிகளை டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் போடுங்கள். அதன்பின் மனிதர்களையும் தெருச் சத்தத்தையும் இந்தச் சின்ன வயதிலேயே பழக்குங்கள். பயந்து வளரும் ராட்வீலர் பெரிதானபின் யாருக்கும் நல்லதல்ல.

நோட்டீஸ் போனதும் அவர் சமாதானத்துக்கு வருவார் என்றே நினைக்கிறேன். மருத்துவச் செலவு கையில் வந்தால் வாங்கிக்கொள்ளலாம், வழக்கை இழுப்பதில் உங்களுக்கு லாபமில்லை. ஆனால் பணத்தோடு கே.சி.ஐ. சான்றிதழும், தாய் தகப்பனின் இடுப்பு மூட்டு எக்ஸ்ரே அறிக்கை இருந்தால் அதன் நகலும் வாங்குங்கள். இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி சமாதானக் கடிதத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "இந்தப் பார்வோ சிகிச்சை தொடர்பாக மட்டும்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள்.