ஏழரை வந்தால் டிரம்மைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு லேசர் பிரிண்டரில் டோனர் ரீஃபில் செய்து ஒரு வாரம்தான் ஆகிறது. எல்லாத் தாளிலும் இடது ஓரமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று நான்கு கறுப்புப் புள்ளிகள் விழுகின்றன. கெட்டி அட்டையில் அடித்தால் எழுத்து விரலோடு வந்துவிடுகிறது. கடைக்காரர் பிரிண்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்து, புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். உள்ளே உருளும் ரோலர்கள் வேறு வேறு பருமன். அழுக்கோ கீறலோ உள்ள ரோலர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தாளில் தடம் வைக்கும். இடைவெளிதான் அதன் சுற்றளவு. எச்பி 1020, கேனன் 2900 போன்ற சின்ன பிரிண்டர்களில் டிரம்மின் (டோனரை ஏந்தித் தாளில் பதிக்கும் உருளை) விட்டம் 24 மி.மீ., சுற்றளவு சுமார் 75 மி.மீ. ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. என்பதால் நீங்கள் சொல்லும் மூன்று நான்கு புள்ளி கச்சிதமாகப் பொருந்துகிறது. ஏழரை சென்டிமீட்டர் வந்தால் சனியைத் திட்ட வேண்டாம், டிரம்தான். 38 மி.மீ. அளவில் வந்தால் டிரம்மை ஒட்டி உருண்டு அதற்கு மின்னேற்றம் கொடுக்கும் பிசிஆர் என்ற ரோலர்.

கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, மூடியை மெல்ல விலக்கி, டிரம்மின் அந்த ஓரத்தைப் பாருங்கள். கை வைக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது. பொடி ஒட்டியிருந்தால் பத்துப் பதினைந்து வெற்றுத் தாள் ஓட்டினாலே போய்விடலாம். ஊசிமுனை அளவு பள்ளம் தெரிந்தால், ரீஃபில் செய்தபோது ஸ்குரூடிரைவர் பட்டிருக்கும் என்பது என் சந்தேகம். பூச்சு பெயர்ந்த இடத்தில் மின்னேற்றம் நிற்காது, அது நிற்காத இடத்தில்தான் டோனர் ஒட்டும். அதனால் கீறல் கறுப்பாகவே விழும். டிரம்மை மட்டும் தனியாக மாற்றலாம். ரீஃபில் செய்தவரிடமே கேளுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அட்டைச் சமாச்சாரம் வேறு. டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி. சூட்டில் இளகித்தான் தாளில் பிடிக்கும். பிரிண்டர் செட்டிங்கில் காகித வகையைத் தடித்த தாள் என்று மாற்றினால் கூடுதல் சூடு கிடைக்கும். சாதாரணத் தாளிலும் உதிர்ந்தால் மட்டும், தாளைச் சூடாக்கும் பகுதியில் சுழலும் டெஃப்ளான் உறையைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் கையில் டோனர் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் பொடி இளகித் தோலோடு அப்பிக்கொள்ளும்.