9 டாலர் மட்டும்தானா பாரம்?

கேள்வி: நியூயார்க், ஜாக்சன் ஹைட்ஸில் இருக்கிறோம். மன்ஹாட்டனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் காலை 6 மணிக்கு எனக்கு வேலை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 46,000 டாலர். மச்சான் கடைக்குச் சரக்கு ஏற்றிப் போக வேண்டும் என்பதால் 2025-ல் ஏழு வருடக் கடனில் பெரிய கார் எடுத்தேன். தவணை 540, இன்சூரன்ஸ் 230, பார்க்கிங் 400. இப்போது மன்ஹாட்டனின் நெரிசல் பகுதிக்குள் கார் நுழைவதற்குத் தினமும் 9 டாலர் நெரிசல் கட்டணம் வேறு. சம்பள முன்பண ஆப்பில் எடுத்துத்தான் கட்டுகிறேன். 100 டாலருக்கு 5 டாலர் பிடிக்கிறார்கள், பத்து நாளில் திருப்ப வேண்டும். உழைப்பவர்களுக்கு இது நியாயமா?

பதில்: கோடீஸ்வரருக்கும் உங்களுக்கும் ஒரே 9 டாலர் என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் மன்ஹாட்டனுக்கு வரும் குறைந்த சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் காரில் வருவதில்லை. வசூலாகும் பணம் அவர்கள் ஏறும் ரயிலையும் பஸ்ஸையும் சீர்படுத்தத்தான் போகிறது.

மாதம் 22 நாளுக்கு 198 டாலர். குடும்ப வருமானம் 50,000-க்குள் இருப்பதால் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். மாதத்தின் முதல் 10 பயணத்துக்குப் பிறகு பாதிதான். முதல் பத்துக்கு 90-ம் மீதிப் பன்னிரண்டுக்கு 54-ம் சேர்த்து 144. வார நாளில் 5 மணிக்கு முன்பே நுழைந்துவிட்டால் 2.25, மாதம் ஐம்பது டாலருக்குள் முடியும்.

சரி, மற்றதைக் கூட்டுங்கள். தவணை, இன்சூரன்ஸ், பார்க்கிங் மூன்றும் 1,170 டாலர். அதைப் பற்றி உங்களுக்குக் கோபமே வரவில்லை! ரயிலில் போக வர 6 டாலர், மாதம் 132. உங்கள் ஊரில் ராத்திரி முழுக்க ரயில் ஓடுகிறது. நீங்கள் கார் ஓட்டுவது வேலைக்காக இல்லை, மச்சானின் சரக்குக்காக. இந்தக் கடன் முடிய 2032 ஆகும். அதற்குள் நெரிசல் கட்டணம் 2028-ல் 12, 2031-ல் 15 டாலர் ஆகும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது.

அந்த ஆப்பை இன்றே நீக்குங்கள். பத்து நாளுக்கு 5 சதவீதம் என்றால் வருடத்துக்குச் சுமார் 180 சதவீத வட்டி. புதுப் பெயர் வைத்த கந்துவட்டி அது.

கடன் பாக்கி எவ்வளவு, கார் இன்று என்ன விலை போகும் என்று இந்த வாரமே விசாரியுங்கள். விலை பாக்கியைத் தொட்டால் விற்றுவிடுங்கள். தொடவில்லை என்றால் தவணையும் கட்டணமும் மச்சான் பொறுப்பு. எண்களைத் தாளில் எழுதி முதலில் மனைவியிடம் காட்டுங்கள். அப்புறம் இருவருமாக அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.