ரவுட்டர் நின்றால் மணி அடிக்க வேண்டும்

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வந்த ரவுட்டரில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. பின்பக்கம் என்.ஓ., காம், என்.சி. என்று மூன்று முனைகள். அவற்றில் என்ன இணைப்பது? பவருக்கு ஏசி போதுமா, 48 வோல்ட் டிசி வேண்டுமா?

பதில்: அந்த மூன்று முனைகளும் ரவுட்டர் நின்றால் மணி அடிக்க வைப்பதற்கு. அவற்றிலிருந்து கரண்ட் எதுவும் வராது. உள்ளே இருப்பது ஒரு ரிலே, அதாவது கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச். காம் பொது முனை; ரிலேக்குக் கரண்ட் இல்லாதபோது அதோடு சேர்ந்திருப்பது என்.சி., பிரிந்திருப்பது என்.ஓ. சுவர் சுவிட்ச் மாதிரி சேர்க்கும், பிரிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் ரவுட்டர் நன்றாக ஓடும்வரை ரிலே இழுத்துப் பிடித்தபடி இருக்கும். பெரிய கோளாறு வந்தாலோ பவர் போனாலோ பிடியை விட்டுவிடும். அப்போது காமும் என்.சி.யும் சேரும். மணியை அந்த இரண்டில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் பின்னால் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் கத்தும் பஸ்ஸர் நிலையில் வைத்து, இரண்டு பவர் கேபிளையும் உருவிப் பாருங்கள். ஓடும்போது சும்மா இருந்து, உருவியதும் எந்த ஜோடி கத்துகிறதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

மணிக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி கட்டாயம். ரவுட்டர் ஓடும் அதே லைனில் மணியும் இருந்தால், கரண்ட் போகும்போது இரண்டும் சேர்ந்தே அடங்கிவிடும். 230 வோல்ட் ஹூட்டரை (சைரனை) இந்த முனைகளில் நேராகக் கொடுக்கவே கூடாது. 30 வோல்ட் டிசியில் ஓர் ஆம்பியர் அளவுதான் இவை வழக்கமாகத் தாங்கும். பெரிய ஹூட்டர்தான் வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு ரிலே போடுங்கள்.

பவருக்கு உங்களுக்கு ஏசியே போதும். மைனஸ் 48 வோல்ட் என்பது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வழக்கம்: 2 வோல்ட் செல் இருபத்துநான்கைத் தொடராகக் கட்டி, பாசிட்டிவை எர்த் செய்வார்கள். அந்தப் பேட்டரி வரிசை ஏற்கெனவே இருக்கும் இடத்தில்தான் அதற்கு அர்த்தம். நீங்கள் ஒரு சப்ளையை யுபிஎஸ்ஸிலும் மற்றதை ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் இபி லைனிலும் கொடுங்கள். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகினால், அதன் ஒரு சுவிட்சில் கால் பட்டாலே போதும், எல்லாம் நின்றுவிடும். அப்புறம், நம் வேலூர்ப் பக்கத்து வெயிலில் மூடிய அறைக்குள் பேட்டரி சீக்கிரம் கெடும். யுபிஎஸ்ஸுக்குக் காற்றோட்டம் கொடுங்கள்.

தோல் தொழிற்சாலை என்பதால் இன்னொன்று. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கும் லைமிங் பகுதியில் சல்பைடு பயன்படுகிறது; அங்கிருந்து வரும் வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ரிலேயின் உள்முனைகளும் பெரும்பாலும் வெள்ளிக் கலவைதான். ரவுட்டர் இருக்கும் ரேக்கை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை, வேலை இல்லாத நேரத்தில், இரண்டு கேபிளையும் உருவி மணி அடிக்கிறதா என்று கேளுங்கள். அடிக்காவிட்டால் முதலில் வயர் நுனியைப் பாருங்கள். கறுத்திருந்தால் அதுவரை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்குங்கள்.