இன்சூரன்ஸ் பணம் முழுசாக வராமல் மருத்துவமனைகளுக்கு நிஜமாகவே நட்டமா? எங்கே கோட்டை விடுகிறார்கள்?

பில்லிங் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்: நட்டம் உண்டு. ஆனால் வெளியே பேசப்படுவதுபோல் எல்லாம் நிராகரிப்பில் போவதில்லை. கிளைமை நிராகரித்தால் கடிதம் வரும், மேலாளர் சத்தம் போடுவார், யாராவது மேல்முறையீடு செய்வார்கள். குறைத்து அனுப்பப்படும் பணத்துக்குத்தான் கேட்பாரில்லை.

பெரும்பாலும் பல கிளைம்களுக்குச் சேர்த்து ஒரே தொகையாக வங்கியில் விழும். யாருக்கு எவ்வளவு, எதில் எவ்வளவு பிடித்தம் என்ற விவரம் தனியாக மின்னஞ்சலிலோ போர்ட்டலிலோ கிடக்கும். கணக்குப் பிரிவு 'பணம் வந்தாச்சு' என்று வரவு வைத்துவிடும். இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்க்க ஆள் இருக்காது. பிடித்தத்தில் ஒரு பகுதி ஒப்பந்தப்படி நாம் ஒத்துக்கொண்ட தள்ளுபடி. அதை நட்டம் என்று சொல்வதே தப்பு. இன்னொரு பகுதி நோயாளி கட்ட வேண்டியது. அவர் வீட்டுக்குப் போனபின் வசூலிப்பது குதிரைக்கொம்பு. மிச்சம் இருப்பது, கேட்டால் கிடைக்கக்கூடிய பணம். மூன்றையும் 'நிலுவை' என்று ஒரே தலைப்பில் போட்டுவைத்தால், ஆண்டுக் கடைசியில் மூன்றையும் சேர்த்தே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அந்த மிச்சம் எப்படி உருவாகிறது? குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவிய நிலையில் ஒருவர் வருகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் அதற்கு கே35.2. டாக்டர் அவசரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்' (திடீர் குடல்வால் அழற்சி) என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், கோடிங் செய்பவர், அதாவது நோய்க்குக் குறியீடு போடுபவர், சீழ் பரவியதைக் காட்டாத கே35.8 போடுவார். அப்புறம் ஐசியூ நாட்களுக்கும் விலை கூடிய ஆன்டிபயாடிக்குக்கும் 'தேவை நிரூபிக்கப்படவில்லை' என்று வெட்டு விழும். கேஸ் ஷீட்டில் எல்லாம் இருக்கும். அனுப்பிய தாளில்தான் இருக்காது. இதற்கு இன்சூரன்ஸ் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

அதற்காக அவர்களும் சும்மா இல்லை. ஒரு க்வெரிக்கு, அதாவது அவர்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் கேள்விக்கு, பதில் போட்டால் அடுத்தது வரும், அதுவும் முதலிலேயே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்துக்கு. மேல்முறையீட்டுக்கு ஒப்பந்தத்தில் கெடு இருக்கும். அது தாண்டினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பைசா தேறாது.

புது மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு மாதத்துப் பிடித்தங்களைக் காரணவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அதே நாலைந்து காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சம்மரியில் வரும் குறை என்றால் அந்தந்த டாக்டரிடம் அந்த வாரமே காட்டுங்கள். கெடு தாண்டுகிறதென்றால், பிடித்த விவரம் முதலில் யார் கைக்கு வருகிறது, அவர் யாருக்கு அனுப்புகிறார் என்று விசாரியுங்கள்.