கொடும்பாளூரைத் தாண்டிப் போனவருக்கு

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் சென்னையிலிருந்து மதுரைக்குத் தனியாகக் காரோட்டிச் சென்றேன். பயணம் மனிதனை மாற்றும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குள் எதுவும் நிகழவில்லை. அதிலும் விராலிமலையைத் தாண்டியபின் மேலூர் வரை ஒன்றுமே இல்லை, வெறும் பொட்டல். கைபேசி காட்டிய கோட்டின் மேல் போய்ச் சேர்ந்தேன், வழியெல்லாம் சுங்கச்சாவடிகளுக்கு அழுததுதான் மிச்சம். தமிழில் பயண இலக்கியம் ஏன் வளரவில்லை? எழுத விரும்பும் நான் லடாக் போன்ற ஒரு நெடும்பயணம் சென்றுவந்தால் அது எழுத்துக்கு உதவுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் சங்கப் பாட்டான மலைபடுகடாத்தை மீண்டும் படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது ஐயம்தான்.

சுங்கச்சாவடியைப் பற்றி என்னிடம் முறையிட்டுப் பயனில்லை. மிளகுப் பொதி சுமந்து முதுகில் வடு விழுந்த கழுதைகள் வணிகச் சாத்தோடு செல்லும் பாதையைப் பெரும்பாணாற்றுப்படை 'உல்குடைப் பெருவழி' என்கிறது. உல்கு என்றால் சுங்கம். அன்று வில்லோடு காவல் நின்றார்கள், இன்று ஃபாஸ்டாக் ஒட்டியிருக்கிறோம். பயண இலக்கியம் வளரவில்லை என்பதைப் பொறுத்தவரை, பயண நூல்கள் எழுதிய ஏ. கே. செட்டியாரின் ஒரு நூலையாவது படித்துவிட்டு அதைக் கேட்டிருக்கலாம். லடாக்குக்குத் தாராளமாகப் போய்வாருங்கள், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'ஒன்றுமே இல்லை' என்ற சொற்களைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. விராலிமலைக்குத் தெற்கே நீங்கள் எண்பது கிலோமீட்டர் வேகத்திலோ நூறிலோ தாண்டிப்போன இடம் கொடும்பாளூர். உறையூரைவிட்டுத் தெற்கே நடந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகளுக்கும் வழி சொன்ன மாங்காட்டு மறையவன், கொடும்பை என்ற இந்த ஊரின் பெருங்குளக் கரையை அடைந்தால் அங்கே பாதை சிவபெருமானின் சூலம்போல மூன்றாகக் கவர்க்கும் என்கிறான். வலப்பக்கத்து வழியில் போனால் வறண்ட காடும் எயினர் என்னும் வேட்டுவரின் குடியிருப்பும் கடந்து சிறுமலை வரும். இடப்பக்கத்தில் திருமால்குன்றமும் அதன் பிலம் என்னும் குகைவழியும் மூன்று பொய்கைகளும். நடுவே செல்வது ஊர்கள் இடையிட்ட நல்ல வழி, ஆனால் அதில் ஒரு தெய்வம் இருக்கிறது, துன்புறுத்தாது, மயக்கிப் போக்கைத் தடுக்கும், அதைத் தப்பினால் மதுரைதான். இவ்வளவையும் வழியில் கண்ட மூன்று அயலாருக்காக ஒரு கிழவர் நின்று சொல்கிறார். இளங்கோவடிகள் அதைப் பல பத்து அடிகளுக்கு விரிக்கிறார். காவியம் வழி மாறி எங்கோ போகிறது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பகுதிதான் காடுகாண் காதையின் உயிர்.

அதே பயணத்தின் தொடக்கத்தில் இன்னொன்றும் உண்டு. புகாரைவிட்டுக் கொஞ்ச தூரம்கூட நடந்திராத கண்ணகி, இடை நோக, மூச்சு வாங்க, மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன் 'ஆறைங் காதம்' என்கிறான். ஆறைந்து முப்பதா, ஆறோ ஐந்தோதானா என்று அவள் பிரித்தறிய முடியாதபடி சொல்லி, பக்கம்தான் என்று சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பயணம் போனால் உள்ளே ஏதோ நிகழ வேண்டும், தனியாகப் போனால் இன்னும் நன்றாக நிகழும் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுதிக் கோபப்பட விரும்பவில்லை. நம் பழைய ஆற்றுப்படைகளில் நடப்பவன் தனியாகப் போவதில்லை. பசியோடு, யாழையும் முழவையும் சுமந்துகொண்டு, பெண்டு பிள்ளைகளோடு போகிறான். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வந்து, நான் போன வழி இது, நீயும் போ என்கிறான். தன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று அவன் சொல்வதில்லை; எந்தத் திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று சொல்கிறான். மலைபடுகடாத்தின் 583 அடிகளில் பெரும்பகுதி இதுதான். பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, ஆகவே விடிந்தபின் போங்கள். தினைப்புனத்தில் கவண்கல் வீசுவார்கள், மரங்களின் மறைவில் கடந்துவிடுங்கள். வழுக்கும் இடத்தில் பிள்ளைகளோடு 'ஒருவிர் ஒருவிர் ஓம்பினர் கழிமின்', ஒருவரையொருவர் காத்துக்கொண்டு கடந்துபோங்கள். இருட்டினால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோலக் குகைக்குள் நுழைந்து தங்குங்கள். பாதைகள் கூடும் இடம் வந்தால், பின்னால் வரும் புதியவர்களுக்காக அந்தச் சந்தியைக் கையால் துடைத்து, 'புல் முடிந்து இடுமின்', புல்லை முடிந்து அடையாளமாக இட்டுவையுங்கள். கிளைபிரியும் வழிக்குப் பழந்தமிழில் கவலை என்றே பெயர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இந்தப் பாட்டை நான் கல்லூரியில் முதன்முறை படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் கையெழுத்து நினைவுக்கு வந்தது. அவர் துவரங்குறிச்சிப் பக்கத்தில் பேருந்து போகாத ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பதினான்கு வயதில் நான் தஞ்சாவூரிலிருந்து தனியாக அவர் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு இன்லண்ட் லெட்டரின் மூன்று பக்கங்களையும் வழியாலேயே நிரப்பி அனுப்பியிருந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் புளியமரத்தடியில் சைக்கிள் கடை இருக்கும், அவரிடம் கேட்காதே, பேச்சை நிறுத்தமாட்டார், அடுத்த டீக்கடையில் கேள். வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள், நடுவில் கண்ணாடிச் சில்லு கிடக்காது, கரையோரம்தான் கிடக்கும். வேலங்காடு முடியும் இடத்தில் பாதை இரண்டாகும். அகலமானது செம்மண் அள்ளும் லாரிகள் போட்டது, ஊருக்குப் போகாது, ஒடுக்கமானதைப் பிடி. இருட்டிவிட்டால் நடக்காதே, டீக்கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள், சொல்லிவைத்திருக்கிறேன்.

நான் அகலமான பாதையில்தான் போனேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது, எடுத்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வழி தெரிந்தவனைப்போல நடக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அரை மணி நேரம் கழித்துச் செம்மண் குழி ஒன்றின் விளிம்பில் பாதை முடிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, வாத்தியார் வீட்டுக்கா என்று தலையில் அடித்துக்கொண்டு, ஆடுகளையும் ஓட்டிக்கொண்டே என்னைத் திரும்ப அழைத்துவந்தார். பாதை பிரியும் இடத்தில், அகலமான பாதையின் குறுக்கே ஒரு வேப்பங்கொத்து கிடந்தது. காற்றில் பறந்துவிடாதபடி அதன் காம்பின் மேல் கைப்பிடி அளவுக் கல் ஒன்று. இலைகள் அப்போதுதான் வாடத் தொடங்கியிருந்தன. 'காலைல வாத்தியார் வந்து வெச்சுட்டுப் போனாரு, நீ தாண்டிக் குதிச்சுப் போயிருக்கியே, கண்ணு எங்கப்பா இருந்துச்சு' என்று அந்த அம்மாள் திட்டினார். பெரியப்பா கடைசிவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறீர்கள், க. ஒருவரிடம்கூட வழி கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், அதில் உங்களைத் தவிர ஒரு மனித முகம் இல்லை, கைபேசியின் குரல் மட்டும் இருக்கிறது. அந்தக் குரல் தவறாமல் வழி சொல்லும், நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் சைக்கிள் கடைக்காரர் பேச்சை நிறுத்தமாட்டார் என்று அது சொல்லாது. வழி கேட்கக் கூச்சப்படுபவர் எப்படி எழுதப்போகிறார்? வழி கேட்டுத் தவறான வழியில் அனுப்பப்பட்டிருந்தால்கூட உங்களிடம் எழுத ஒரு பக்கம் இருந்திருக்கும். லடாக் போனாலும் அந்தக் கோட்டின் மேலேயே போய் அந்தக் கோட்டின் மேலேயே திரும்புவீர்கள் என்றுதான் அஞ்சுகிறேன். கடுமையாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு வயதில் கொத்தைத் தாண்டிக் குதித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது விராலிமலைக்குப் பிறகு வேகத்தைக் குறையுங்கள். கொடும்பாளூரில் மூவர் கோவில் இருக்கிறது. கொடும்பாளூர் வேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று கருவறைகளில் இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதன் அடித்தளத்தை மட்டும் பார்க்கலாம். நண்பகலில் போகாதீர்கள், கல் காலைச் சுடும். சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நான் எழுதப்போவதில்லை. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கிக் கேளுங்கள்.