வீட்டில் செய்யும் மயோனைஸ் ஏன் திரிந்து போகிறது?

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்ததுதான். அந்த இரண்டையும் ஏமாற்றி ஒன்றாக உட்கார வைப்பதுதான் மயோனைஸ். மஞ்சள் கருவிலும் எலுமிச்சைச் சாற்றிலும் இருக்கும் கொஞ்சம் தண்ணீருக்குள், அதைப்போலப் பல மடங்கு எண்ணெய் மிகச் சிறிய துளிகளாகச் சிதறி நிற்கிறது. இப்படிப்பட்ட கலவைக்குப் பால்மம் என்று பெயர்.

துளிகள் மறுபடி ஒன்று சேராமல் தடுப்பதில் பெரிய பங்கு மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினுக்கு. அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் சோப்பு செய்வதும் இதே வேலைதான்.

திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். எண்ணெயை மடமடவென்று ஊற்றினால், அது துளியாக உடைவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்துவிடும். முதல் நாலைந்து ஸ்பூன் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும். அடிக்கிற கை நிற்கக் கூடாது. கலவை வெளுத்து, கரண்டியில் ஒட்டி நிற்கத் தொடங்கியதும் நூல் போல ஊற்றலாம். ஒரு கருவுக்கு 150 மில்லி எண்ணெய் போதும். அரை ஸ்பூன் கடுகு விழுது சேர்த்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் (நான் அதை விடுவதே இல்லை). பச்சை முட்டை என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

திரிந்தால் கெட்டுவிட்டது என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை, பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். வேறு கிண்ணத்தில் புதிய மஞ்சள் கரு ஒன்றைப் போட்டு, திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் மீண்டும் கூடிவிடும்.